ஒரே குழம்பு உண்ட இரண்டு விமானிகள்

அனுப்புநர்:
திருமதி யோகலட்சுமி ஆனந்தராஜா,
பர்மா சாலை, ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

பெறுநர்:
திரு. ஐ. விநாசித்தம்பி அவர்கள்,
விமானச் செயல்பாட்டுத் தலைமை அதிகாரி,
செலாட் உத்தாரா விமான நிறுவனம்,
கோலாலம்பூர்.

பொருள்: துணை விமானி கார்த்திகேசு த/பெ பக்கிரிசாமி அவர்களின் பெயரை நெட்டை விமானப் பயிற்சியிலிருந்து நீக்கியதை எதிர்த்தும், குற்றம் அவருடையதன்று, என் குழம்புக் கரண்டியுடையது என்று தெரிவித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் விமானப் பணியாளர்கள் பினாங்கில் இரவு தங்குவது எங்கள் வீட்டு மாடியில். நிறுவனம் சிறியது, ஹோட்டல்கள் பெரியவை என்பதால் தொடங்கிய ஏற்பாடு அது. எங்களுடையது சைவச் சமையல் வீடு. ஆகையால் கேப்டன் நூர் முகம்மது அவர்களும் பணிப்பெண் நோர்மாவும் எவ்விதத் தயக்கமுமின்றி எங்கள் மேசையில் உட்கார்ந்து உண்பார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மனு எழுத எனக்குத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் இம்மனுவின் நடுவில் வரப்போகும் ஒரு சொல்லுக்கு அவ்விரு மொழிகளிலும் ஈடான வார்த்தை எனக்கு அகப்படவில்லை. தாங்கள் தமிழர் என்று அறிந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது.

2. தங்களிடம் ஒரே இன ஜெட் விமானம் இரண்டு அளவில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் அதை முருங்கைக்காய் வழியாக அறிந்தோம். என் கணவர் ஆனந்தராஜா துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கப்பலைத் தவிர வேறு எதையும் வாகனமாக மதியாதவர். அவருக்காகக் கார்த்திகேசு ஒரு நாள் சிறிய முருங்கைக்காய் ஒன்றையும் நீண்டது ஒன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினார். மூக்கும் வாலும் விமானி அறையும் இரண்டுக்கும் ஒன்றுதான். நடு உடம்பில் மட்டும் சில வரிசை இருக்கை கூடுதல். ஆனால் நெட்டையை எழுப்பும்போது அவசரப்பட்டு மூக்கைத் தூக்கினால் வால் தரையில் உரசிவிடுமாம். அதனால்தான் குட்டை ஓட்டுபவர் நெட்டைக்குப் போகத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. விளக்கம் முடிந்ததும் இரண்டு விமானங்களையும் நான் நறுக்கிக் குழம்பில் போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவை குட்டையன், நெட்டையன்.

3. குட்டையன் மாலையில் பினாங்குக்கு வந்து இரவு தங்கி, விடிந்ததும் கோத்தா பாரு வழியாகக் கோலாலம்பூருக்குப் போகிறது. நெட்டையன் வந்த அன்றே திரும்பிவிடுகிறது. ஆகவே எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் குட்டையன் ஆட்கள் மட்டுமே. இதைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டும், கடைசியில் தேவைப்படும்.

4. புகார் மனு என்பதால் சில புகார்களையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பணியாளர்கள் ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறார்கள். ஊர் தூங்கும்போது சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள். அவர்களுடைய வெள்ளைச் சட்டைகள் கொடியில் காய்வதைக் கண்டு, பக்கத்து வீட்டார் நாங்கள் மருமகன்களை மொத்தமாக எடுத்துவிட்டோம் என்று பேசிக்கொண்டார்கள். நோர்மா என் கணவருக்குத் தேநீர் கொடுத்தால்கூட, சிந்திவிடாமல் இருக்க இருக்கை வாரைப் போட்டுக்கொள்ளச் சொல்வார் போன்ற முகத்தோடு கொடுக்கிறார்.

கார்த்திகேசுவைப் பற்றிய புகார் தனி. படுக்கப் போகுமுன் வீட்டைப் பூட்டுவதற்கு அவர் விமானத்தின் முறையைக் கொண்டுவந்தார். அவர் கூடத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார். என் கணவர் போய்ப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பின்கதவு? பார்த்தாச்சு. கேஸ் அடுப்பு? பார்த்தாச்சு. சாமி விளக்கு? பார்த்தாச்சு. இத்தனை ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு கதவைக்கூடச் சாத்தாத மனிதர், அந்தப் பிள்ளை கேட்டதும் வீடு முழுவதும் ஓடினார்.

5. இனி வழக்குக்கு வருகிறேன். தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே உணவை உண்ணக் கூடாது என்பது தங்கள் விதி. ஒருவர் வயிற்றுக்கு ஏதாவது வந்தால் மற்றவர் ஓட்டுவதற்காக என்று காரணமும் கேட்டறிந்தேன். நல்ல காரணம். விமானத்தில் அதைத் தாங்கள் எப்படி வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம். ஆனால் அதை என் சாப்பாட்டு மேசைக்கும் நீட்டியபோதுதான் நான் முன்பு சொன்ன சொல் வந்து குறுக்கே நின்றது. ஐயா, அது பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு இடியப்பமும் குழம்பும், இன்னொருவருக்கு வேறொன்றும் வைப்பது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. தாங்களும் எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்தாம். பக்கத்து இலையில் விழுந்த வடை தங்கள் இலையில் விழாமல் போனதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

முதல் நாளே கார்த்திகேசு சமையலறை வாசலில் வந்து நின்று, “ஆண்டி, கேப்டன் சாப்பிடறத நான் சாப்பிடக் கூடாது. ரூல் லா. எனக்கு ரொட்டியும் ஜாமும் இருந்தா போதும்” என்று பணிவாகச் சொன்னார். அதைக் கேட்ட என் கணவர், “அந்தப் பொடியனுக்கு மட்டும் ஏனப்பா ரொட்டி? என்ன பாவம் செய்தவன்?” என்று என்னைக் கேட்டார். நான் ரொட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கார்த்திகேசுவின் தட்டில் குழம்பை ஊற்றினேன். அன்று முதல் எல்லோருக்கும் ஒரே குழம்புதான். அவர் ஒவ்வொரு முறையும் மறுத்தார். நான் ஒவ்வொரு முறையும் ஊற்றினேன்.

6. சம்பவ நாளன்று மாலை, கேப்டன் அவர்களும் கார்த்திகேசுவும் நோர்மாவும் காற்று வாங்க எஸ்பிளனேட் திடலுக்குப் போய்விட்டு வந்து, இடியப்பமும் கத்தரிக்காய்க் குழம்பும் உண்டார்கள். விடியுமுன்னே விமானிகள் இருவரும் மாடிக் குளியலறைக் கதவை மாறி மாறித் தட்டத் தொடங்கினார்கள். வேன் வாசலில் நின்றது. பயணிகள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நின்றார்கள். குட்டையன் மத்தியானம்வரை நின்ற இடத்திலேயே நின்றான்.

பழி என் குழம்பின்மேல் விழுந்தது. அதே குழம்பை என் கணவர் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். நோர்மாவும் நானும் உண்டோம். எங்கள் மூவருக்கும் ஒன்றுமில்லை. தோளில் தங்கப் பட்டை உள்ளவர்களை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்கும் கத்தரிக்காயைச் சௌரஸ்தா சந்தையில் நான் இதுவரை கண்டதில்லை.

திடலில் கேப்டன் அவர்கள் தள்ளுவண்டிக் கடையில், வடையும் வெள்ளரிக்காயும் கலந்து சாறு ஊற்றித் தரும் பசெம்பூர் ஒரு தட்டு வாங்கியதாகவும், துணை விமானியைப் பார்க்க வைத்து உண்ண மனம் வராமல் அதே தட்டிலிருந்து அவருக்கும் எடுத்துக் கொடுத்ததாகவும், தான் அதைத் தொடவில்லை என்றும் நோர்மா சொல்கிறார். பெரியவர் எடுத்துக் கொடுத்ததை இளையவர் எப்படித் தள்ளுவார்? விசாரணையில் இடியப்பத்தை நன்றாக நினைவில் வைத்திருந்த கேப்டன் அவர்களுக்குப் பசெம்பூர் மட்டும் மறந்துவிட்டது. அவர் நல்ல மனிதர். அவரைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆகவே இந்தப் பத்தியைத் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

7. விதி தெரிந்தும் ஏன் அதே உணவை உண்டாய் என்று விசாரணையில் கேட்டதற்கு, கார்த்திகேசு, “நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். சாட்சியாக நின்ற நோர்மா அதைத் தன் காதால் கேட்டு வந்து எனக்குச் சொன்னார். ஐயா, அது பொய். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டு ஏற்பாட்டை நிறுவனம் நிறுத்திவிடும் என்று பயந்து சொன்ன பொய். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காத பிள்ளை தன் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். பயிற்சிப் பெயர்ப்பட்டியலிலிருந்து அவரை நீக்கி, கோலாலம்பூர் அலுவலகத்தில் ஒரு மேசைமுன் உட்கார வைத்திருக்கிறீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதைக் கேட்ட அன்று நான் அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

8. கார்த்திகேசுவின் தாயார் குணவதி நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். தீபாவளிக்கு ஃபெரியில் ஏறி எங்கள் வீட்டுக்கு முறுக்குக் கொண்டுவந்தவர். மகன் பெரிய விமானத்துக்குப் போகிறான் என்று தோட்டத்துப் பிள்ளையாருக்கு அவர் தேங்காய் உடைத்தாயிற்று. உடைத்த தேங்காயை இனி யாராலும் ஒட்ட வைக்க முடியாது. மகன் மேசைமுன் உட்கார்ந்திருப்பது அவருக்கு இன்னும் தெரியாது. அவருக்குத் தெரிவதற்குள் தாங்கள் தீர்ப்பை மாற்றிவிட வேண்டும் என்பதே என் அவசரம்.

9. ஆகவே, துணை விமானி கார்த்திகேசுவின்மீது எழுதப்பட்ட குற்றத்தை அடித்துவிட்டு, அடுத்த மாதம் தொடங்கும் நெட்டை விமானப் பயிற்சியில் அவர் பெயரை மீண்டும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். யாருக்காவது தண்டனை கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எனக்குக் கொடுங்கள். மாடி அறைகளைத் திரும்ப ஒப்படைப்பதானாலும் சரி. இனி என் மேசையில் விமானிகளுக்கு இரண்டு குழம்பு வைப்பதாகவும் உறுதி கூறுகிறேன். பாவத்தை நான் முருகனிடம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

10. இப்போது மூன்றாம் பத்தியை நினைவுகூரவும். இம்மனு ஏற்கப்பட்டால் கார்த்திகேசு நெட்டையனுக்குப் போவார். நெட்டையன் பினாங்கில் இரவு தங்குவதில்லை. அதாவது, அவர் எங்கள் வீட்டில் தங்குவதை நிறுத்தும்படிதான் நான் தங்களிடம் மன்றாடுகிறேன். இது தெரியாமல் எழுதவில்லை. அவர் வராமல் போன நாளிலிருந்து என் கணவர் ஒவ்வோர் இரவும் அடுப்பருகே போய் நின்று, கேட்பார் யாருமில்லாமலே “பார்த்தாச்சு” என்று சொல்லிவிட்டு வருகிறார். பரவாயில்லை. அந்தக் கேள்விகளை இனி நான் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை மேலே போகட்டும்.

தங்கள் நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து, அடுப்பு வேலைக்கு நடுவே காத்திருக்கும்,

(ஒப்பம்)
யோகலட்சுமி ஆனந்தராஜா

இடம்: ஜார்ஜ் டவுன், பினாங்கு
நாள்: 19.8.1983

இணைப்பு: டிப்பன் கேரியர் ஒன்று, நோர்மா கையில். மேலடுக்கில் உள்ள வெந்தயக் குழம்பு தங்களுக்கு. கீழடுக்கில் உள்ள வாழைக்காய்க் குழம்பு விசாரணை அதிகாரிக்கு. விதிப்படிதான் பிரித்து வைத்திருக்கிறேன், மாற்றி உண்ண வேண்டாம். என் வீட்டில் ஒரே நாளில் ஆளுக்கொரு குழம்பு வைத்தது இதுவே முதல் தடவை. கோத்தா பாருவைச் சுற்றிக்கொண்டு வருவதால் தேங்காய்ப்பால் சேர்க்கவில்லை. இதைக் கையூட்டு என்று கருத வேண்டாம். கையூட்டு என்றால் பாயசமும் வைத்திருப்பேன்.

பாத்திரத்தைக் கார்த்திகேசு கையில் கொடுத்தனுப்பவும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம்மவர் வழக்கமில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அவருடைய பயிற்சி உத்தரவை மேலடுக்கில் வைத்து அனுப்பினால் போதும். அன்றிரவு மட்டும் அவர் இங்கே தங்கி வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்.