நூற்றுக்கு நூறு பச்சை

ஜூலை 8

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனசில்லை என்றால் படித்துத் தொலையுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் தலைமையாசிரியரிடம். சித்தியிடமும் வேண்டாம். காலில் விழுகிறேன்.

இன்று பள்ளிக்கு ரத்தசோகை பார்க்கும் அட்டைகள் வந்தன. தீப்பெட்டி அளவுதான். உள்ளே முடியைவிட மெல்லிய கால்வாய்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் அதுவே ஓடிப்போய் மருந்தில் கலக்கும். பத்து நிமிடத்தில் அட்டையிலுள்ள குட்டிப் பச்சை ஜன்னல் சிவந்தால் ரத்தம் குறைவு. பச்சையாகவே இருந்தால் நலம். "ஆய்வகமே உள்ளங்கையில்!" என்றார் தலைமையாசிரியர். அந்த ஆய்வகத்தைத் தன் அறை ஃப்ரிட்ஜில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். விலை உயர்ந்த சாமானாம், கெட்டுவிடுமாம்.

ஜூலை 9

சித்திதான் பள்ளி நர்ஸ். ஒப்பந்த வேலை. அவள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். இன்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்க எடுக்க அவள் குத்தினாள், நான் பெயர் எழுதினேன். நூற்று எண்பது பேர். எல்லாரும் பச்சை. படி ஏறினாலே மூச்சு வாங்கும் என் பெஞ்சுக்காரி குருவி கூடப் பச்சை!

"பாத்தீங்களா, இவ்வளவு நாளும் நடிப்பு!" என்று விளையாட்டு ஆசிரியர் அவளை நாலு சுற்று ஓடச் சொன்னார். இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் பேனர்: 'நூறு சதவீத ஆரோக்கியப் பள்ளி'. அதில் தலைமையாசிரியர் படம் மட்டும். அவர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்.

ஜூலை 10

நர்ஸ் அறை மேஜை ஆடாமலிருக்க அதன் காலடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். அட்டையோடு வந்த குறிப்பு! 'குளிரில் வைத்திருந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே பயன்படுத்தவும். குளிர்ந்த அட்டையில் நிறம் மாறாது.'

சித்தியிடம் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மறுபடி மடித்து மேஜைக் காலடியிலேயே செருகினாள்.

"கொஞ்ச நேரம் வெளிய வெச்சிட்டுக் குத்தலாமான்னு நான் அன்னிக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டேன்டி. 'நீங்க நர்ஸா நான் நர்ஸா'ன்னாரு. நீங்க இல்ல சார்னு சொல்ல முடியுமா? அடுத்த மாசம் என் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். வாய மூடிட்டுப் படி."

ஜூலை 11

திருடிவிட்டேன்.

அடுத்த பருவத்துக்கென்று வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரே ஒரு அட்டை. பெயர்ப் பட்டியல் கொடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. கணக்கு வகுப்பு முழுக்க அதைச் சட்டைக்குள் வைத்து அடைகாத்தேன். கழிப்பறையில் குருவி விரலை நீட்டினாள்.

"வலிக்குமாடி?"

"நாலு சுத்து ஓடறதவிட வலிக்காது."

நாலாவது நிமிடமே சிவப்பு. "அப்போ நான் நடிக்கல!" என்று சிரிக்கிறாள், லூசு. அட்டையை அவள் அம்மாவிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 12

"ஒரு அட்டை குறையுது. அந்தத் திருடி தானா வந்துடணும்!" என்று தலைமையாசிரியர் மைக்கில் கத்தினார். திருடன் என்று சொல்லவில்லை. திருடியாம். தெரிந்துவிட்டதோ?

ஜூலை 14

குருவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றுகிறார்களாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

அவள் அம்மா வந்து சிவப்பு அட்டையைத் தலைமையாசிரியர் மேஜைமேல் வைத்தார். நான் வெளியே நின்றிருந்தேன். பேனரைக் கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வருகைப் பதிவேட்டை வரவழைத்து அதில் ஏதோ எழுதினார்.

"இந்தப் பொண்ணு போன மாசத்துலேருந்தே நீண்ட விடுப்பும்மா. எங்க கணக்குலயே வராது."

நூறு சதவீதம் பத்திரமாக இருக்கிறது. மீதி நூற்று எழுபத்தொன்பது பேர்? அதில் நானும் ஒருத்தி. வெளியே சொன்னால் என் படிப்பு போகும், சித்தி வேலையும் போகும். சொல்லாவிட்டால் அடுத்து யார் விழுவார்கள்? நாளைக்குச் சொல்லிவிடு — யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சித்தி.

"லைட்டு எரியறது தெரியுது, திறடி. மிச்ச அட்டையெல்லாம் பெட்டியோட தூக்கிட்டு வந்துட்டேன். வெளிய எடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு. மத்தவங்களுக்குக் காலையில பஸ் ஸ்டாப்புலயே குத்திக்கலாம். மொதல்ல உன் விரல நீட்டு!"