மாப்பிள்ளையின் கப்பல் விற்பனைக்கு

நவ. 4, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கொசுவத்தி, உளுந்து: இரண்டும் மறந்தேன்.

ஆபீஸ் ஸ்டோர்ஸில் பழைய பம்புகளின் ஏலப் பட்டியல் முடிந்தது. பக்கத்து மேசை ராமலிங்கம் வாயைக் கிளறினான். "மாப்ள கப்பல்ல சமையக்காரர்னீங்களே சார், கப்பலக் காட்டுங்க." பெருமை யாரை விட்டது? போனில் கப்பல் பெயரைத் தட்டினேன். வந்தது விற்பனை விளம்பரம்.

சுற்றுலாக் கப்பல், பயன்படுத்தியது. நீச்சல்குளம் இரண்டு. விலை பேசிக்கொள்ளலாம். அதே பக்கத்தில் இன்னும் வரிசையாகக் கப்பல்கள், பழைய பைக் விற்கிற மாதிரி. ராமலிங்கம் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

நவ. 5, புதன்
திரும்பப் பார்த்தேன். படங்கள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து. துருப்பிடித்த பக்கத்தை எந்த மடையன் படம் எடுப்பான்? இந்த வேலையில் தலை நரைத்தவன், எனக்கா தெரியாது. அடியில் பொடி எழுத்தில்: எட்டு மாதமாக நிறுத்தம், ஊழியர் இல்லை.

ஆவணியில்தான் மகள் மலருக்குப் பூ வைத்தார்கள். அப்போதே பையனுக்கு வேலை இல்லை! "லீவுல வந்துருக்கான், தையில கல்யாணம் முடிஞ்சா கப்பலேறிடுவான்" என்று அவன் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

கமலா: "அவசரப்படாதீங்க." பெண்டாட்டிக்கு என்ன, சொல்லிவிட்டாள். ஏப்ரலில் நான் ரிட்டையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே முடிக்காவிட்டால் வருகிற வரனின் தரம் இறங்கிவிடும். மலருக்கு இருபத்தொன்பது.

நவ. 7, வெள்ளி
அரை நாள் லீவு. பூ வைத்தபோது அவர்கள் வைத்த தட்டும் புடவையும் பையில். மலருக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்தது. பஸ் பிடித்து மாப்பிள்ளை ஊர், குறிஞ்சிப்பாடி.

பையன் வீட்டில் இல்லை. அப்பாக்காரர், "கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சிகினு இருக்காங்க சார்" என்றார். போனை நீட்டினேன். முகம் தொங்கிப்போயிற்று. அந்த அம்மா காபியோடு வந்தது. "எம்புள்ள குடிகாரனாங்க? கப்பல் போனா வேற வேல."

"பொய் சொன்ன வீட்ல பொண்ணு தர முடியாதும்மா." தட்டைத் தரையில் வைத்தேன். காபியைத் தொடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். பெரிய காரியம் சாதித்த திமிர் எனக்கு.

நவ. 8, சனி
மலரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கப்பல் நின்னுபோச்சுன்னு அவரு அன்னிக்கே சொல்லிட்டாருப்பா. வடலூர்ல ஓட்டல்ல சேரப் போறேன்னாரு. நான் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மட்டும்? இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குன்னு அவங்கப்பாகிட்ட சொன்னீங்க. ஏப்ரல்ல ரிட்டையர்னு நான் அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு வீட்ல காட்டிக் கொடுக்கல."

கமலா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் சொன்ன பொய்யை இந்த டைரியில்கூட எழுதவில்லை. இப்போது எழுதியாயிற்று. வெட்கம்.

நவ. 9, ஞாயிறு
மழை வலுத்தது. கறி எடுக்கவில்லை. நான்கு தடவை மாப்பிள்ளை அப்பாவின் நம்பரைப் போட்டு நான்கு தடவை கட் செய்தேன். ஐந்தாவதில் பேசினேன். தப்பு என்மேல்தான், மன்னிச்சிருங்க என்றேன்.

"உங்க மேல கோவமில்ல சார். நாங்களும் பொய் சொன்னவங்கதான். ஆனா தட்ட நீங்க கீழ வச்சிட்டுப் போனதுலேருந்து என் சம்சாரம் சோறு துன்னல. பையன கேட்டேன். எங்கம்மா போட்ட காபியத் தொடாம போனவரு வூட்டுப் பொண்ணு வாணாம்ங்கிறான்."

போனை வைத்துவிட்டார். கமலா என்னைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

நவ. 11, செவ்வாய்
மழை விட்டது. கரண்ட் இல்லை. மாத்திரை போட்டேனா, நினைவில்லை. மலர் லேப் வேலைக்குக் கிளம்பினாள். மூன்று நாள் கழித்து இன்றுதான் என்னிடம் பேசினாள். வாசலில் செருப்பு மாட்டியபடி: "குறிஞ்சிப்பாடிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதற்கு முன்பும் எதற்கும் தோன்றியதில்லை.