இருபது நொடிக்கு ஒரு முறை

ஜனவரி 6, செவ்வாய்

பனி. மூக்கடைப்பு. போர்வைக்குள் டார்ச். அம்மா பார்த்தால் இந்த நோட்டு கிழியும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கலங்கரை விளக்கம் மாடல் முடிந்தது. நடுக்கடல் பாறையில் நிற்பது, படகில்தான் போக முடியும். சார்ட்டில் எழுதியவை: முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், இப்போது மின்சாரம். அந்தக் காலத்தில் கோபுரத்துக்குள் கனமான இரும்புக் குண்டு கீழே இறங்க இறங்க விளக்கு சுற்றும். காவலர் விடிய விடிய அதை மேலே ஏற்றுவார். இருபது நொடிக்கு ஒரு மின்னல். அதுதான் அதன் பெயர் மாதிரி. கணக்கு மாறினால் கப்பல்காரர் வேறு விளக்கு என்று நினைத்துப் பாறையில் மோதுவார்.

மாடலில் பல்பைச் சுற்றும் ஒற்றைத் துளை மூடியை அப்பா பல்சக்கரம் வைத்து மெதுவாக்கித் தந்தார். அவருக்கே மனமில்லை. "கணபதி ஏரியாவுல மோட்டார் பட்டறை வெச்சுட்டு இப்படி மெதுவா நகர்றதச் செஞ்சா சிரிப்பாங்க கண்ணு."

ஜனவரி 7, புதன்

இயற்பியல் மிஸ்தான் சிரித்தார். "ஏனம்மணி, ஊட்டுக் கிரைண்டரே இதவிட வேகமாச் சுத்துமே." பல்சக்கரத்தைக் கழற்றி நேராக மோட்டாரில் மாட்டச் சொன்னார். மேலே சீரியல் பல்பு வேறு. சிவப்பு, பச்சை. திருவிழாக் கடை.

"கப்பல் மோதிடுங்க மிஸ்."

"கோயமுத்தூர்ல ஏது கப்பல்? சொன்னதச் செய். பிராக்டிகல் மார்க் எங்கையிலதான் இருக்குது."

பயம். சொன்னபடி மாட்டினேன். என் மேலேயே ஆத்திரம். பல்சக்கரம் ஜாமெட்ரி பாக்ஸில்.

ஜனவரி 8, வியாழன்

கண்காட்சி. மிஸ் சாப்பிடப் போனதும் சீரியல் பல்புகளைப் பிய்த்தேன். பல்சக்கரத்தை மாட்டினேன்.

நடுவர் வருவதற்குச் சற்று முன்தான் ஒரு மின்னல் முடிந்தது. மனசுக்குள் எண்ணினேன். ஒன்பதில், "எரியலியே பாப்பா, கனெக்ஷனப் பாரு" என்று நகர்ந்துவிட்டார். இன்னும் பதினொன்று இருந்தது. இருபதில் மின்னியபோது அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் பரிசு பக்கத்து மேசை எரிமலைக்கு. சமையல் சோடா, வினிகர்.

மிஸ்: "நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு வா."

ஜனவரி 9, வெள்ளி

அப்பா கிரீஸ் சட்டையோடே வந்தார். மிஸ் உட்காரச் சொல்லவில்லை. "உங்க பொண்ணு ஸ்கூல் மானத்த வாங்கிட்டாளுங்க. லைட்டே எரியல."

நான் மாடல் சுவிட்சைப் போட்டேன். மிஸ் குனிந்து பார்த்தார். "பாத்தீங்களா? இருட்டா..."

"சித்த இருங்க டீச்சர்," என்றார் அப்பா.

சத்தமாக எண்ணினேன். நடுவரின் ஒன்பதைத் தாண்டினேன். பதினெட்டு. பத்தொன்பது.

இருபதில் மிஸ் கண்ணில் பளீரென்று அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிராக்டிகல் மார்க் போயிற்று. தெரியும். நிறுத்தவில்லை. ஒன்று. இரண்டு.