கரண்டுக்குப் பயந்து சொன்ன பதில்

மட்டக்களப்பு,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஜக்குலினுக்கு,

மம்மி எழுதுவது. நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், வாயும் குறையவில்லை. நீயும் அஷ்லியும் பிள்ளையும் மெல்பேர்ன் குளிரில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வட்சப்பில் சொல்ல வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பொய்தான் வரும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் வாசித்த பிறகு கோல் எடு.

இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம், கச்சான் கொட்டை அளவு என்பது உனக்குத் தெரியும். டொக்டர் இரண்டு வழி சொன்னதும் தெரியும். கட்டியையும் சுற்றிக் கொஞ்சச் சதையையும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர் சிகிச்சை செய்வது ஒன்று, மார்பை முழுதாக எடுப்பது மற்றது. அன்றைக்கே முழுதாக எடுங்கோ என்று சொல்லிவிட்டு, உனக்குக் கடையைக் காரணம் காட்டினேன். ஒரு மாதம் நாள்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாங்கேணியில் மீனைப் பார்த்து எடுப்பது யார், கருவாடு ஏற்றுவது யார் என்றேன். நீயும் நம்பி, உயிர்தானே மம்மி முக்கியம், அறுபத்தொரு வயதில் அது இருந்தென்ன விட்டென்ன என்றாய். மகள், அது பொய். கடையை உன் மச்சான் ஜசிந்தன் என்னிலும் நன்றாகப் பார்ப்பான்.

நடந்தது இதுதான். டொக்டர் கதிர் என்றார். எனக்குத் தெரிந்த கதிர் வட்டையில் விளையும் நெற்கதிர். கேட்க வெட்கமாயிருந்தது. வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்த ஒரு மனிசியிடம் கேட்டேன். அது ஒண்டுமில்லக்கா, கரண்ட் பிடிக்கிற, ஒரு மாசம் பிடிப்பாங்க என்றாள். பப்பா ஈர நிலத்தில் நின்று ஐஸ் அரைக்கிற மெசினில் கை வைத்து, கரண்ட் அடித்து எங்களை விட்டுப் போன அன்று நீ பள்ளிக்கூடத்தில். பலகையால் அடித்து அவரைப் பிரித்தவள் நான். அந்தக் கை எப்படி இருந்தது என்று உனக்கு இன்றுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். அதே கரண்டை என் நெஞ்சில் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துத் திரும்ப உள்ளே போய் அந்தப் பதிலைச் சொன்னேன். கூடையின் அடிமீனைப் புரட்டாமல் விலை பேசாதவள், என் உடம்புக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஓட்டமாவடிக்குக் கருவாடு இறக்கப் போனேன். அங்கே கடை வைத்திருக்கும் ஸஹீதாவுக்கும் மூன்று வருசத்துக்கு முன் இதே நோய். நான் கரண்டைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் தெருவில் போன சனம் திரும்பிப் பார்த்தது. என்ன கா ஐரீன், ஊரையே விக்கிற உனக்கு இது தெரியாதா, அது எக்ஸ்ரே மாதிரி புள்ள, வயரும் இல்ல ஒண்டும் இல்ல, கொஞ்ச நேரம் அசையாமக் கிடக்கிற, மறுகா எழும்பி வாற என்றாள். தோல் கறுத்ததையும் களைப்பையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு பப்பாவின் நினைவு வந்து முகம் மாறி, ஒஸ்வல்ட நினைக்காம நான் சிரிச்சிட்டன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று டொக்டரிடம் போய் எல்லாம் கேட்டேன். என் கட்டிக்கு இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுதானாம். சிறிதாக வெட்டினால் அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதலாம். எடுத்த சதையின் ஓரத்தில் நோய் தெரிந்தால் இன்னொருமுறையும் வெட்டவேண்டி வரும். நோய் பரவியதோ என்று கைக்கு அடியில் கமக்கட்டு நெறியையும் பார்ப்பார்கள். திங்கள் பகலுக்குள் முடிவு சொல்லுங்கோ, செவ்வாய் வார்ட்டுக்கு வாங்கோ என்றார். நான் முடிவெடுத்துவிட்டேன். கட்டியை மட்டும் எடுக்கிறது, கதிர் பிடிக்கிறது. நீ கேட்டதற்குப் பதில், அறுபத்தொரு வயதிலும் அது எனக்கு வேணும் மகள், என்னுடையது. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கதிர் பிடிக்கிற அறையைப் பார்க்கப் போய், கதவைத் தாண்டாமலே திரும்பி வந்தேன். முதல் நாள் ஸஹீதா என்னோடு வருவாள். அஷ்லி இன்டர்நெட்டில் தேடி அனுப்புவதை நிறுத்தட்டும். கேள்வி இருந்தால் எழுதி அனுப்பு, திங்கள் காலை கேட்கிறேன். மனதை மாற்று என்று மட்டும் எழுதாதே.

இன்னொன்று. பெண் பிள்ளை உண்டோ என்று டொக்டர் கேட்டார். ஒன்று, முப்பத்தெட்டு வயது என்றேன். அவவும் மார்பைக் காட்டிப் பார்க்கவேணும் என்றார். எனக்காக அழுதுகொண்டு உன்னைப் பார்க்காமல் விடாதே. மாதா உன் வீட்டைக் காக்கட்டும், பிள்ளைக்கு என் முத்தம். உடனே டொக்டரிடம் நாள் எடுத்து எந்தத் திகதி என்று எழுது. செவ்வாய் நான் உள்ளே போகும்போது அது எனக்குத் தெரிந்திருக்க வேணும்.

உன் மம்மி
ஐரீன்