இரண்டு சுரைக்குடுக்கை

கோலாலம்பூர்
12.6.1983

அமலி அப்பாவுக்கு, உங்கள் லீலா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அமலி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் வேலை பார்க்கும் டாக்டர் வீட்டார், நீச்சல் குளத்தோடு ஒரு வீடு வாங்கப் பார்த்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார்கள். ஐயா வேலியையும் மோட்டாரையும் பார்த்தார். அம்மாவுக்கோ பயம். "பிள்ளைங்க விழுந்தா யாரு தூக்குவா?" என்றார். "எனக்கு நீச்சல் தெரியுங்கம்மா" என்றேன். யாரும் நம்பவில்லை. ஏலாக்குறிச்சிக்காரிக்கு ரோஷம் வராதா? சேலையை வரிந்து கட்டி, நம் வயல் கிணற்றில் குதிப்பதுபோலக் குதித்துவிட்டேன். அங்கே இடுப்பளவுதான் தண்ணீர்! முழங்காலில் வெறும் சிராய்ப்பு, பயப்படாதீர்கள். அப்படியே அக்கரை வரை நீந்திக் காட்டினேன். ஐயா கைதட்டிவிட்டு, எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்று புரோக்கரைக் கேட்டார். வீட்டை முடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் வாத்தியார் நான்தான்!

லீவில் ஊருக்கு வந்திருக்கும் மரியசூசை அண்ணன் இங்கே திரும்பும்போது, பிள்ளைகள் இடுப்பில் கட்ட, காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டு கொடுத்தனுப்புங்கள்.

அம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அமலிக்கு நானே நீச்சல் பழக்குவதாகச் சொல்லியிருந்தேன். காத்திருக்க வேண்டாம். இன்னொரு குடுக்கையை அவள் இடுப்பில் நீங்களே கட்டிக் கிணற்றில் இறக்குங்கள்.

லீலா