திங்கட்கிழமைப் பத்து ரூபாய்

2-4-1974, செவ்வாய்

மதுரையில் செய்யக் கொடுத்திருந்த மூக்குக் கண்ணாடியை மகன் சின்னத்துரை வாங்கி வந்துவிட்டான். இடது காதில் உறுத்துகிறது. ஆனால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது.

பென்ஷன் வாங்கினேன். தங்கை பொன்னுத்தாய்க்கு வழக்கமான முப்பது ரூபாயைத் திருச்சுழிக்கு மணியார்டர் செய்துவிட்டு மீதியை இங்கே அருப்புக்கோட்டைப் பேங்கில் போட்டேன். பதிவுக்காகப் போன மாதமே கொடுத்திருந்த பாஸ்புக் இன்றுதான் கைக்கு வந்தது. கண்ணாடியைச் சோதிக்க அதையே எடுத்து வரிவரியாக வாசித்தேன். இத்தனை நாளும் கடைசியில் உள்ள இருப்பை மட்டும்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

பத்து ரூபாய் எடுத்ததாக ஒரு வரி. மேலே இன்னொன்று. அதற்கு மேலும். நான் பணம் எடுப்பது மாதத்தில் ஒரே முறை, அதுவும் முதல் வாரத்தில். நடு மாதத்தில் பத்து ரூபாயை எதற்கு எடுத்தேன்?

மறந்துவிட்டேனா?

3-4-1974

காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். ஐந்து வரிகள். ஐந்தும் திங்கட்கிழமைகள். ஞாயிறு விடுமுறைக்கு மறுநாள் என்பதால் மில்காரர்களும் நூல் வியாபாரிகளுமாகப் பேங்கில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலுக்கு அஞ்சியே நான் திங்கட்கிழமை அந்தப் பக்கம் போவதில்லை.

அவற்றில் ஒன்று பிப்ரவரி பதினெட்டு. அன்று உறவினர் காளிராஜ் மகள் கல்யாணம். முதல் பஸ்ஸில் காரியாபட்டிக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பினோம். பந்தியில் சின்னத்துரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனே சாட்சி.

ஆகவே நான் எடுக்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது.

4-4-1974

எழுதிவிடுகிறேன்.

போன ஆடியிலிருந்து என் கை நடுங்குகிறது. சில காலைகளில் இல்லை. சில நாள் பேனாவே நிற்காது. அப்படி ஒரு நாள், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று, பணம் எடுக்க நான் எழுதிய சீட்டைப் பேங்கில் திருப்பிவிட்டார்கள். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். கவுண்டரில் இருக்கும் மாரிச்சாமிதான் இரக்கப்பட்டுச் சொன்னான்: “ஐயா, கை நல்லா இருக்கிற அன்னைக்கு நாலஞ்சு சீட்டுல மொத்தமாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. வேணுங்கிறப்ப நான் தொகையை எழுதிக்கிறேன். உங்க வயசுக்கு எதுக்கு இந்தக் கூட்டத்துல நிக்கணும்?”

கொடுத்தேன். ஒரு கட்டு.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் தலைமை எழுத்தர். பத்திரம் பதிய வந்த ஒவ்வொருவரிடமும், எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னவன். ‘ஐயா’ என்று ஒருவன் குழைந்து கூப்பிட்டதும் எல்லாம் போயிற்று.

எத்தனை சீட்டு கொடுத்தேன் என்பதும் தெரியவில்லை.

6-4-1974

சின்னத்துரையிடம் சொன்னேன். கடை திறந்த நேரம். நூல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அஞ்சு பத்து அம்பது ரூவா. இதுக்கா இம்புட்டு? நீங்களே எடுத்து மறந்திருப்பீகப்பா.”

காரியாபட்டிக் கல்யாணத்தைச் சொன்னேன்.

“அப்ப யாரையாச்சும் அனுப்பி எடுத்திருப்பீக. போன வாரம் சட்டையைப் போட்டுக்கிட்டே சட்டையைத் தேடுனீகளா இல்லையா?”

மருமகள் கஸ்தூரி உள்ளேயிருந்து, “அது துண்டுங்க, சட்டை இல்ல. மாமாவை ரொம்பச் சொல்லாதீக,” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு அவன் சொன்னது: “பேசாம புக்கை ரெண்டு பேர் பேர்லயும் மாத்திருவோம். எடுக்கிறது போடுறது நான் பாத்துக்கிறேன். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

வேண்டாம் என்றேன். புத்தகம் அவன் கைக்குப் போனால் பொன்னுத்தாயின் முப்பது ரூபாய் அன்றே நிற்கும். மனை வழக்கில் இவனுக்குப் பாதகமாக அவள் உண்மையைச் சொன்னதிலிருந்து இவன் அத்தை என்ற சொல்லையே எடுப்பதில்லை. புருஷன் போனபின் அவள் அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான். அது அவனுக்கும் தெரியும்.

எனக்கு மறதி இல்லை என்று காட்டியாக வேண்டும். எப்படி? மாரிச்சாமியை நேருக்கு நேர் கேட்கத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை பேங்கில் மறைந்திருந்து பார்க்க வேண்டியதுதான்.

8-4-1974, திங்கள்

பேங்கில் தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மாரிச்சாமியின் கவுண்டரிலிருந்து தெரியாது. காசாளர் கூப்பிடுவது கேட்கும். காலையிலிருந்து மூடும் வரை இருந்தேன். என் பெயர் வரவில்லை.

15-4-1974, திங்கள்

இன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில் வாட்ச்மேன் கோட்டைச்சாமி, “என்ன பெரியவரே, லோனு கேட்டிருக்கீகளா? செருப்புத்தான் தேயும்,” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாரிச்சாமி நல்லவனாக இருந்து, நான்தான் புத்தி கெட்டு அவனை வேவு பார்க்கிறேனோ?

22-4-1974, திங்கள்

கை நடுங்குகிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

பதினொன்றரை இருக்கும். காசாளர் காசிராஜன் டோக்கன் எண்ணைச் சொல்லி, “சௌந்தரபாண்டியன், பத்து ரூவா!” என்று கூவினார்.

என் பெயர். நான் சீட்டும் கொடுக்கவில்லை, டோக்கனும் வாங்கவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கூட்டத்தில் யார் காலையோ மிதித்தேன். கம்பிக்கு முன்னால் போய், “நான்தான்,” என்றேன். காசிராஜனுக்கு என்னைத் தெரியும். நோட்டை எண்ணிக் கையில் வைத்துவிட்டார். பிறகுதான், “டோக்கனைக் குடுங்கய்யா,” என்றார்.

“என்னிடம் இல்லை.”

“டோக்கன் இல்லாம எப்படிய்யா?”

அப்போதுதான் உள்பக்கக் கதவு வழியாக மாரிச்சாமி வந்து நின்றான். பித்தளை டோக்கன் அவன் விரல் நடுவில் இருந்தது. நீட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் நின்றான். காசிராஜன் அவன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து கோட்டைச்சாமி, “ஏலே, பெரியவர் பணத்துக்கு டோக்கன் இவன்கிட்ட எப்படிலே வந்துச்சு?” என்று சத்தம் போட்டான். ஹாலே திரும்பியது.

மாரிச்சாமி சிரிக்கப் பார்த்தான். “ஐயாதான எடுத்து வைக்கச் சொன்னாக. மறந்துட்டாக போல.”

நான் சொன்னேன்: “இல்லை. சொல்லவில்லை.” சத்தமாகத்தான் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியது நினைவில்லை.

பேங்கின் தலைமை அதிகாரியான ஏஜென்ட் தன் அறைக்குள் எங்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாரிச்சாமி என் காலில் விழுந்தான். மூன்று பெண் பிள்ளைகளாம். மேசை இழுப்பறையில் மீதி இருந்த சீட்டுகளை எடுத்து வந்து வைத்தான். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து, நல்ல காலைகளில் போட்டது, அழகாக. பார்க்கவே கூசியது. அங்கேயே கிழித்தேன்.

நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

23-4-1974

சாயங்காலம் ஏஜென்ட் சின்னத்துரையைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“அம்பது ரூவாயும் குடுத்துட்டாரு. இந்தாங்க. ஒரு கடுதாசி மட்டும் எழுதித் தரணுமாம்.”

“என்னவென்று?”

“நீங்கதான் அவன்கிட்டப் பணத்தை எடுத்து வைக்கச் சொன்னீக, சொன்னதை மறந்துட்டீக, அவன் மேல குத்தம் இல்லைன்னு. ஹால்ல அத்தனை பேர் பாத்துட்டாகல்ல. மேலாபீசுக்கு எவனாச்சும் எழுதிப் போட்டா அவருக்குத் தலைவலி.”

“நான் மறக்கவில்லை, சின்னத்துரை.”

“தெரியும்ப்பா.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

“தெரிந்துமா கேட்கிறாய்?”

“என் லோனு அவர் மேசையிலதான கெடக்கு. அடுத்த மாசம் தறிக்காரங்களுக்கு நான் நூல் எடுக்கணுமா வேணாமா? ஒரு தாள்தானப்பா. எழுதிக் குடுத்தா நீங்க என்ன தேஞ்சா போவீக?”

மாரிச்சாமி கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஏஜென்ட் கேட்டிருந்தாலும். இவனுக்கு எழுதிக் கொடுத்தேன். முப்பது வருஷம் ஆபீசில் எழுதிய கை, பிழையில்லாமல் எழுதியது: ‘வயது மூப்பின் காரணமாக ஏற்பட்ட ஞாபகக் குறைவினால்...’

24-4-1974

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று கஸ்தூரியிடம் சொன்னேன்.

2-5-1974, வியாழன்

பென்ஷன் வாங்கி வந்ததும் சின்னத்துரை ஒரு அச்சடித்த தாளோடு வந்தான். கணக்கை இருவர் பெயரிலும் மாற்றும் விண்ணப்பம்.

“வேண்டாம் என்றேனே.”

“ஞாபகம் கொறஞ்சுருச்சுன்னு நீங்களே கைப்பட எழுதிக் குடுத்திருக்கீகளேப்பா. ஏஜென்டே கேக்குறாரு, இப்படிப்பட்டவுக தனியா எப்படிக் கணக்கு வச்சுக்கிறதுன்னு.”

அவன் கண்ணைப் பார்த்தேன். கொஞ்சமும் கூச்சம் இல்லை. அந்தக் கடிதத்தை அவனே நம்பத் தொடங்கிவிட்டான் போல. சில நேரம் எனக்குமே சந்தேகம் வருகிறது: உண்மையிலேயே மாரிச்சாமியிடம் எப்போதாவது சொன்னேனோ? சீ.

“கை நடுங்குகிறது, நாளைக்குப் போடுகிறேன்,” என்றேன்.

3-5-1974

பேங்க் திறந்ததும் போனேன். மாரிச்சாமி அதே கவுண்டரில்தான் இருக்கிறான். “வாங்கய்யா,” என்றான், வாய் நிறைய. அவன் பக்கமே போகாமல் காசிராஜனிடம் கணக்கை முடிக்க வேண்டும் என்றேன். கை சொன்னபடி கேட்டது. அதுவும் ஒரு அதிர்ஷ்டம்தான். மொத்தத்தையும் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன்.

கஸ்தூரியிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன். “எப்ப வருவீக மாமா?” என்றாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அழுதாளா, கண்ணில் தூசியா, தெரியவில்லை.

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெங்கும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது.

பொன்னுத்தாய் வாசலில் பெட்டியைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, மகனோட சண்டையா?” என்றாள்.

“இல்லை.”

“அப்ப பஸ்ஸு தெரியாம ஏறிட்டீகளாக்கும்? உள்ள வாங்க. கம்மஞ்சோறுதான் இருக்கு.”

20-5-1974

சின்னத்துரையிடமிருந்து கடிதம் இல்லை.

12-6-1974

சின்னத்துரைக்கு லோன் கிடைத்துவிட்டதாம். அருப்புக்கோட்டைப் பக்கம் போய்வந்த பக்கத்து வீட்டுச் சங்கையா சொன்னார். “ஒம்ம பையன் சொல்றான், அப்பாவுக்கு நெனப்பே சரியில்ல, யார்கிட்டயும் சொல்லாம கெளம்பிப் போயிட்டாகன்னு. நல்லாத்தானய்யா இருக்கீரு?”

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

3-7-1974, புதன்

நேற்று பென்ஷனுக்கு அருப்புக்கோட்டை போனேன். மகன் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றி நடந்தேன்.

இன்று திருச்சுழித் தபாலாபீசில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினேன். போஸ்ட்மாஸ்டர் தவசி படிவத்தை நீட்டிப் பேனாவையும் கொடுத்தார். கை இன்று நடுங்கவில்லை. இருந்தும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ரேகை வைக்கிறேன்.”

“நீங்களா? இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடுறவுக ஆச்சேய்யா. ரேகைன்னா ஒவ்வொரு தடவையும் நீங்களே நேர்ல வரணும், சாட்சிக்கு ஒரு ஆளும் வேணும்.”

“வருகிறேன்.”

வரிசையில் நின்ற பேச்சி என்ற கிழவி, தானும் ரேகைதான் என்று சொல்லி, பெருவிரலை எப்படி உருட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். உருட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மையைப் போக்கப் பொன்னுத்தாய் தேங்காயெண்ணெய் கொடுத்தாள். பாதி போயிற்று. மீதி நகக்கண்ணில் இருக்கிறது.