செங்கம்மாள் படகில் நாரை

கோவளம்,
ஞாயிறு காலை

அன்புள்ள தமிழ்வாணனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், முதலில் அதைப் படித்து மனசை நிம்மதியாக வைத்துக்கொள், நீயும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தங்கச்சி பக்கத்திலேயே நின்று கேட்கிறாள், அதனால் எழுதி உன் சிநேகிதன் கலையரசனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா வேலைக்காக வேடந்தாங்கலை விட்டு இங்கே வந்து ஒன்பது மாசமாகிறது. கீர்த்தனா பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவேயில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேச்சில்லை, கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வரும். பதினாறு வயசுப் பெண், நோட்டின் கடைசிப் பக்கங்களில் பறவையாக வரைந்து, நான் கிட்டே போனால் கையால் மூடிக்கொள்வாள். பொங்கல் கழிந்து ஒருநாள் நமக்கு மீன் கொடுக்கும் செங்கம்மாள் தன் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார், அந்தப் படகில்தான் அவர் மகன் அபிஷேக் கடலுக்குப் போகிறான். முகப்பில் வரைந்திருந்த நாரையைப் பார்த்து இவள், கால் அப்படி மடங்காது என்று சொல்லியிருக்கிறாள். அப்ப நீயே போடு என்று அந்தம்மா பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டார், இவளும் போட்டாள். அடுத்த வாரமே வேறு படகுக்காரர்கள் தங்களுக்கும் வரையச் சொல்லி வீடு தேடி வந்தார்கள், சாப்பாட்டு டப்பாவும் காலியாக வர ஆரம்பித்தது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கரை ஏறும்போது அலை செங்கம்மாள் படகைப் புரட்டிப்போட்டு அபிஷேக்குக்குக் கை முறிந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மீன் ஏலம் விடும் இடத்தில் யாரோ, வெளியூர்ப் பொண்ணு கை வைத்த நேரம் என்று பேச, அது இவள் காதுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் பிரஷ்ஷையே தொடவில்லை, பழையபடி ஆகிவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், நாலு பேர் எதிரில் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். படகு மணலில் கிடந்தது, நாரை பாதி சுரண்டிப்போயிருந்தது. இவள் நேராகச் செங்கம்மாளிடம் போய், “என் படத்தாலதான் கவுந்துச்சுன்னு சொல்றாங்க. நீங்களும் அப்டித்தான் நினைக்கிறீங்களா?” என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் கேட்கும்படி கேட்டாள். அந்தம்மா சுரண்டிப்போன நாரையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, “அல தூக்கிச்சு, கவுந்துச்சு. நாரை இன்னா பண்ணும்? பாதியா கீது, பாக்க நல்லாவா கீது, போட்டு முடி” என்றார். இழுத்துவரப் போன நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். முடித்ததும் ஓரத்தில் தன் பெயரை எழுதினாள், இதுவரை எழுதியதில்லை.

இப்போது பன்னிரண்டாவது முடித்து ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், நான் சொன்னால் சண்டையில் முடியும். எனக்கும் பயமில்லாமல் இல்லை, இன்னொரு படகு கவிழ்ந்தால் மறுபடி இவளைத்தான் சொல்வார்கள், பெயர் வேறு எழுதியிருக்கிறாள். அவள் வரைந்த படகு இப்போது ஐந்து. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரைக்குப் போய், ஐந்தும் ஏறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு வீட்டு வேலை ஓடுகிறது.

எண்ணெய்ப் பலகாரம் குறைத்துக்கொள், முதுகு வலிக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சுஜாதா